தகுதியா, தெம்பா?

'உடற்தகுதி' என்ற சொல்லோடு எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம், பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, டாக்டர்களின் ஆரோக்கியக் கட்டுரை, எங்கே பார்த்தாலும் அது சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. 'பிஸிகல் பிட்னஸ்' என்பதற்குத் தமிழாம்! 'பிட்' என்றால் பொருத்தம், தகுதி என்று அகராதியில் முதல் அர்த்தத்தைப் பார்த்ததும் யாரோ ஒரு மகானுபாவர் புஸ்தகத்தை மூடிவிட்டார். புணர்ச்சி விதிப்படி அது 'உடற்றகுதி' ஆகவேண்டும். பாதி இலக்கணத்தோடு நின்றுவிட்டது. போகட்டும், அதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. தமிழில் தகுதி என்பது ஒருவன் இன்னொருவனைப் பார்த்து அளந்து சொல்லும் தீர்ப்பு. "உனக்கு என்னடா தகுதி இருக்கு?" என்று கேட்டே எத்தனை பேரை வாசற்படிக்கு வெளியில் நிறுத்தியிருக்கிறோம்! காவலர் தேர்வில் இந்தச் சொல் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடு என்கிறார்கள். ஓடினால் தேறினான், இல்லாவிட்டால் இல்லை. அங்கே நடப்பது தகுதி பார்ப்பதுதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பையனிடம், "உனக்கு உடற்தகுதி போதாது" என்று சொன்னால் அவன் காதில் விழுவது என்ன? மூச்சு வாங்குகிறது என்பதா? நீ லாயக்கில்லாதவன் என்பதுதான் விழும்.

ராஜபாளையத்தில் ஒரு தேகப்பயிற்சிக் கூடத்தின் பெயர்ப்பலகையில் இந்தச் சொல்லைப் பார்த்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவரிடம், "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில சர்ட்டிபிகேட் குடுப்பாகள்ல, அதுவா இருக்கும்."

"சரி, ராத்திரி ஷிப்டு முடிச்சு, சைக்கிள் மிதிச்சு வீட்டுக்குப் போயி, பேரப்பிள்ளையத் தூக்கிக் கொஞ்சணும்னா உடம்புல என்ன இருக்கணும்?"

"தெம்பு இருக்கணும்," என்றார், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

உடற்கல்வி நிபுணர்கள் இங்கிலீஷில் 'பிட்னஸ்'ஸுக்கு வகுத்த இலக்கணம் என்ன? அன்றாட வேலையை அலுப்பில்லாமல் செய்து முடித்து, அதன் பிறகும் ஓய்வுநேரச் சந்தோஷத்துக்கும் திடீர் நெருக்கடிக்கும் உடம்பில் சக்தி மிச்சம் இருப்பது. டீக்கடை மனிதர் அதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

ஸ்பானிஷ் பாஷைக்காரர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 'ஆப்டிடுட் பிஸிகா' என்றால் நம் தகுதியேதான். 'கொண்டிஸியோன் பிஸிகா' என்றால் உடம்பின் நிலை. தெருவில் நடக்கிறவனோ 'என் போர்மா' என்று சொல்லிவிட்டுப் போகிறான். மூன்றையும் அததன் இடத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் தேர்வு மைதானத்துச் சொல்லைப் படுக்கையறை வரைக்கும் இழுத்து வந்துவிட்டோம்.

வேறு சொல் இல்லாமலா? 'உடற்பயிற்சி' செய்கிற காரியம், அதனால் வருகிற நிலை அல்ல. 'உடற்கட்டு' கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு. 'திடகாத்திரம்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பயில்வானை நினைக்காமல் அதை உச்சரிக்க முடிவதில்லை. அறுபது வயதுக் கிழவிக்கு அது பொருந்தாது, தெம்பு பொருந்தும்.

'தெம்பு' கொச்சை, பாடப்புஸ்தகத்தில் ஏறாது என்பார்கள் பண்டிதர்கள். தண்டாலும் பஸ்கியும் எந்தச் சங்கப் பலகையில் ஏறி வந்தன ஐயா? வடக்கிலிருந்து வந்தன, நம் பிள்ளைகள் எடுத்தார்கள், அவை நம்முடையவை ஆயின.

இன்னும் சந்தேகம் இருந்தால் பக்கத்து ஊருக்கு வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேருக்கு ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிப்பார்கள். "தெம்பு இருக்கிறவுக முன்னால வாங்க!" என்று குரல் கொடுத்தால் கிழவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். "உடற்தகுதி உடையோர் முன்வரவும்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துப் பாருங்கள். பாதிப் பேர் சர்ட்டிபிகேட் எடுக்க வீட்டுக்குப் போய்விடுவார்கள். தேர் நிலையிலேயே நிற்கும்.