ஜாப்ஸ் போன பிறகு ஐபோனில் புதுமை நின்றுவிட்டதா? உண்மையில் மாறியது என்ன?

ஒவ்வொரு வருஷமும் புது ஐபோன் அறிமுகமாகும். அன்றைக்கே மீம்ஸும் வந்துவிடும். ‘போன வருஷ போன் மாதிரியேதானே இருக்கு? ஸ்டீவ் ஜாப்ஸ் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாரா?’ என்பதுதான் பெரும்பாலான மீம்ஸின் சாரம். இதில் எவ்வளவு உண்மை?

யார் போனார், யார் வந்தார்?

மருத்துவ விடுப்பில் இருந்த ஜாப்ஸ், 2011 ஆகஸ்ட் 24 அன்று ஆப்பிளின் சிஇஓ பதவியிலிருந்து விலகினார். அக்டோபர் 5 அன்று காலமானார். அவர் இடத்துக்கு வந்த டிம் குக், 1998-ல் ஆப்பிளில் சேர்ந்தவர். உதிரிபாகங்களை வாங்குவது, தொழிற்சாலைகளை ஒருங்கிணைப்பது, கையிருப்பைக் குறைப்பது ஆகியவைதான் அவரது பலம். அவர் டிசைன் பின்னணியில் இருந்து வந்தவர் இல்லை.

ஜாப்ஸ் ‘வேண்டாம்’ என்றவை

கைக்குள் அடங்காத பெரிய போனை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது 2010-ல் ஜாப்ஸின் கருத்து. ஆனால் சாம்சங்கின் கேலக்ஸி நோட் போன்றவை விற்றுக் காட்டின. குக் தலைமையில் 2012-ல் ஐபோன் 5-ன் திரை 4 அங்குலமானது. 2014-ல் 4.7, 5.5 அங்குலத் திரைகளுடன் ஐபோன் 6, 6 பிளஸ் வந்தன. அதற்கு முந்தைய நிதியாண்டில் சுமார் 16.9 கோடியாக இருந்த ஐபோன் விற்பனை, 2015 நிதியாண்டில் சுமார் 23.1 கோடியாக எகிறியது. ஆக, ஜாப்ஸ் சொன்னது எல்லாமே சரி என்றும் சொல்லிவிட முடியாது.

டிசைனர்கள் யாருக்குக் கீழே?

ஜாப்ஸ் காலத்தில் தலைமை டிசைனர் ஜோனி ஐவ், சிஇஓவுக்கு மிக நெருக்கமானவர். 2012-ல் ஆப்பிள் மேப்ஸ் சொதப்பிய பிறகு, ஐபோன் மென்பொருள் தலைவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால் வெளியேறும் அறிவிப்பு வந்தது. மென்பொருளின் தோற்றமும் ஐவ் கைக்கு வந்தது. 2013-ல் வந்த ஐஓஎஸ் 7-ல் தோல், மரம் போன்ற அலங்காரங்கள் காணாமல் போனது இதனால்தான். 2017-ல் ஐபோன் எக்ஸ் ஹோம் பட்டனையே தூக்கியது.

2019-ல் ஐவ் விலகுவதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் டிசைன் குழுவின் தலைவர்கள், தலைமைச் செயல்பாட்டு அதிகாரி ஜெஃப் வில்லியம்ஸின் கீழ் வந்தார்கள். அதாவது, உற்பத்தியைக் கவனிக்கும் பிரிவின் கீழ். 2020-ல் வந்த ஐபோன் 12-ன் தட்டையான விளிம்புகள் பழைய ஐபோன் 4, 5-ஐ நினைவூட்டின. 13, 14 மாடல்களும் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான்.

இதற்கு நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லா நிறுவனங்களின் போன்களும் அதற்குள் ஒரே மாதிரி கண்ணாடிப் பலகையாகிவிட்டன. ஆனாலும், மடக்கும் போனை சாம்சங் 2019-லேயே விற்கத் தொடங்கியது. ஆப்பிள் அவசரப்படவில்லை. துணிந்து இறங்குவதைவிட, காத்திருந்து இறங்குவதே குக் பாணி.

அப்போ புதுமை எங்கே போச்சு?

போனுக்கு உள்ளே போனது. 2013-ல் ஐபோன் 5எஸ்-ல் வந்த ஏ7, ஸ்மார்ட்போனில் இடம்பெற்ற முதல் 64-பிட் சிப். அந்த வழியில் வளர்ந்ததுதான் 2020-ல் மேக் கணினிகளுக்கு வந்த எம்1. 2011 நிதியாண்டில் ஆராய்ச்சிக்கு சுமார் 240 கோடி டாலர் செலவிட்ட ஆப்பிள், 2024-ல் சுமார் 3,140 கோடி டாலர் செலவிட்டது.

இன்னொரு மாற்றம் நம்ம ஊர் பக்கமே நடந்தது. முன்பு பழைய மாடல்களே இந்தியாவில் தயாராகின. 2022-ல் ஐபோன் 14, அறிமுகமான சில வாரங்களிலேயே ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் தயாராகத் தொடங்கியது. வருஷத்துக்கு வருஷம் வடிவம் பெரிதாக மாறாதபோது, புது இடத்தில் உற்பத்தியை நிலைநிறுத்துவது எளிது. மீம்ஸில் கிண்டலடிக்கப்படும் ‘அதே டிசைன்’, இங்கே ஆயிரக்கணக்கானோரின் வேலையோடு சேர்ந்த விஷயம்.

நமக்கு என்ன?

புதுமை உள்ளே நடப்பதால், பழைய போனும் தாக்குப்பிடிக்கிறது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு, 2024-ல் வெளியான ஐஓஎஸ் 18 கிடைத்தது. எனவே கையில் இருப்பது நன்றாக வேலை செய்தால், வருஷா வருஷம் மாற்றத் தேவையில்லை.

எந்த நிறுவனத்தில் தலைமை மாறினாலும் மேடையில் யார் பேசுகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். டிசைனர்கள் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த ஐந்து வருஷ போன் எப்படி இருக்கும் என்பதை ஓரளவு அதிலேயே ஊகிக்கலாம்.