ஊதச் சொன்ன பிறகு

‘வண்டிய ஓரம் கட்டு. இதுல ஊது.’ சனிக்கிழமை இரவில் பைக்கில் வீடு திரும்புகிறவரைத் தடுப்புக் கட்டைக்கு அருகே நிறுத்தும் குரல் இது. கையடக்கமான ஒரு கருவி, அதன் நுனியில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய், சில நொடிகளில் திரையில் ஓர் எண். வண்டிச் சாவி போலீஸ்காரரின் கைக்குப் போய்விடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நிற்பவர் தாழ்ந்த குரலில் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு சார் ஆகும்?’ முறைகேடுகளுக்கு வாசல் திறந்துவிடுவது அந்தக் கேள்விதான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம். அதில் இரக்கத்துக்கு இடமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு பாயும். 2019-ல் திருத்தப்பட்ட பிறகு, முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். இந்தக் கடுமை தேவைதான். ஆனால், இதே சட்டம் பிடிபட்டவருக்கும் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. அவற்றை அவர் காதில் போடுவார் யாருமில்லை.

முதலில் பணம். சாலையிலேயே அபராதம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களை அதே சட்டத்தின் 200-வது பிரிவு வரிசைப்படுத்துகிறது. 185 அந்த வரிசையில் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தொகையைத் தீர்மானிப்பது நீதிபதி. எனவே, இந்தக் குற்றத்துக்கு ‘ஸ்பாட் ஃபைன்’ என்று ஒன்று கிடையாது. நடுரோட்டில் கைமாறும் பணத்துக்கு லஞ்சம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

அடுத்தது கடிகாரம். 185-வது பிரிவின்கீழ் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. இதற்கான காரணம் எளியது. நேரம் போகப் போக ரத்தத்தில் ஆல்கஹால் குறைந்துகொண்டே வரும். தாமதம் குடித்தவரின் குற்றத்தையும் மறைக்கும். குடிக்காதவர் தன்னை நிரூபிக்கும் வாய்ப்பையும் பறிக்கும். மவுத்வாஷில் வாய் கொப்பளித்தவரின் வாயில் சில நிமிடங்களுக்கு ஆல்கஹால் தங்கியிருக்கும். உடனே ஊதினால் கருவி தவறாகக் காட்டக்கூடும். அதனால்தான், ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்பட்டவருக்கு அங்கே மீண்டும் ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203-வது பிரிவு சொல்வது முக்கியமாகிறது. ஒரு பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுப்பதானால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்கிறது 204. ஊதவே மாட்டேன் என்று முரண்டு பிடிப்பது மட்டும் உரிமையல்ல. தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிற்கும்.

இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதை போலீஸாரே கைதானவரிடம் சொல்ல வேண்டும். ஏன் கைது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவற்றைக் கட்டாயமாக்குகிறது. விசாரணையின்போது விரும்பிய வழக்கறிஞரைச் சந்திக்கவும் வழி செய்கிறது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பை வொர்லியில் பி.எம்.டபிள்யூ. கார் மோதி ஒரு பெண் உயிரிழந்த வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. பெரிய வழக்கறிஞர்கள் வாதாடிப் பெற்ற அந்த உரிமை, கட்டட வேலை முடிந்து மொபெட்டில் திரும்பும் தொழிலாளிக்கும் சேர்ந்ததே. அவரிடம் அதை யார் சொல்வது?

‘உரிமையைச் சொல்லிக்கொடுத்தால் குடிகாரர்கள் தப்பிவிடுவார்கள்’ என்பார்கள். நடந்ததைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. 2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் படுத்திருந்தவர்கள் மீது கார் ஏறி ஒருவர் இறந்தார். அந்த வழக்கில் 2015 மே மாதம் நடிகர் சல்மான் கானுக்கு 5 ஆண்டு சிறை விதித்தது செஷன்ஸ் நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ரத்த மாதிரி கையாளப்பட்ட விதத்தில் இருந்த ஓட்டைகளும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டன. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் மாண்டார்கள். அங்கே ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக அரசு மருத்துவமனை மருத்துவர்கள் கைதானார்கள். நேரத்தோடு, முறையோடு, சாட்சியோடு எடுக்கப்படும் ரத்தம் செத்தவர்களுக்கான சாட்சியமும்கூட. நடைமுறை ஓட்டையானால் அதில் நுழைந்து வெளியேறப் பணமுள்ளவரால் முடியும். மொபெட் தொழிலாளி 10,000 ரூபாய்க்குக் கடன் வாங்கிக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்பார்.

தமிழ்நாடு காவல்துறை செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஊதச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் தமிழில் அச்சிட்ட ஒரு தாள் தரப்பட வேண்டும். கருவி காட்டிய அளவு, கைது செய்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், கைதுக்கான காரணம், தகவல் தரப்பட்டவரின் பெயர் எல்லாம் அதில் நிரப்பப்பட்டு, ஒரு பிரதி பிடிபட்டவர் கைக்குப் போக வேண்டும். லைசென்ஸை வாங்கிக்கொண்டால் அதற்கான ஒப்புகைச் சீட்டும் கூடவே வர வேண்டும். அதைத் தரச் சொல்வது சட்டமே. தாளின் அடியில் இலவச சட்ட உதவி எண் 15100 இருக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. காவல்துறைத் தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை அரசு தாமதமின்றி வெளியிடச் செய்ய வேண்டும்.