பச்சிலையின் பெயரால்

"இயற்கை தந்தது தீங்கு செய்யாது." இன்று மலையகத் தோட்டங்களில் வேதவாக்குப்போற் பரவிவரும் வாசகம் இது. றொசல்லயிலும் அதனைச் சூழ்ந்த லயங்களிலும் ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன மறுநாளே உறவினரும் அயலவரும் இவ்வாசகத்தைச் சுமந்துகொண்டு வந்துவிடுகின்றனர். ஒருவர் முட்சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் நித்தியகல்யாணியைக் கசாயமிடச் சொல்கிறார். மற்றொருவர் கைத்தொலைபேசியில் வந்த செய்தியைக் காட்டி, ஆஸ்பத்திரி மருந்தைவிட இது பதினாயிரம் மடங்கு வலியது என்கிறார். சொல்வோர் எவரும் பகைவரல்லர், அன்பினாலேயே சொல்கின்றனர். ஆயின் அன்பினாற் கொடுக்கப்படும் நஞ்சும் நஞ்சேயாகும்.

இயற்கை தீங்கு செய்யாது என்பதை நம் தாய்மார் ஒருநாளும் நம்பியதில்லை. லயத்து அடுப்பில் மரவள்ளிக் கிழங்கை அவிக்கும் தாய், பானையை மூடாது அவித்து, நீரை வடித்துக் கொட்டிய பின்னரே பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறாள். கசக்கும் கிழங்கை எறிந்துவிடுகிறாள். அதில் சயனைட்டு என்னும் நஞ்சு உண்டாகும் என்பதை அவள் நூலிற் படிக்கவில்லை, பட்டறிவாற் கண்டாள். அதே சயனைட்டை உடலுள் வெளிவிடும் அப்பிரிக்கொட் பருப்புச் சாரத்துக்கு "பி17 உயிர்ச்சத்து" என்று பெயரிட்டு மேல்நாட்டு வணிகர் புற்றுநோயாளருக்கு விற்றனர். அது உயிர்ச்சத்தே அன்று. அமெரிக்காவில் 178 நோயாளரிடம் நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவு 1982 இல் வெளிவந்தது. எவரும் குணமடையவில்லை, சிலரது குருதியிற் சயனைட்டு உயிர்கொல்லும் அளவை நெருங்கியிருந்தது. கற்றோர் எனப்பட்ட அவ்வணிகரைவிட எழுத்தறியாத நம் தாய் அறிவுடையவள் அன்றோ!

இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. வெற்றிலையும் பாக்கும் இயற்கை தந்தவையே. குளிரையும் பசியையும் மறக்கக் கொழுந்து பறிப்போர் நாள்முழுதும் மெல்லும் பாக்கினை, மனிதரிற் புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று முன்னிலையில் நிற்பதற்கு வெற்றிலை மெல்லும் பழக்கம் பெருங்காரணம். இயற்கையே நோயைத் தரவும் வல்லது என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

"நித்தியகல்யாணியிலிருந்துதானே ஆஸ்பத்திரி மருந்தே செய்கிறார்கள்?" என்று கேட்போர் உளர். ஆம், செய்கிறார்கள். 1950களில் கனடாவில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் அச்செடியை ஆராய்ந்தனர். நீரிழிவுக்கு நல்லதென்று கருதப்பட்ட இலை, ஆய்வுகூட விலங்குகளின் குருதியில் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். அவ்வழியிற் கிடைத்த வின்பிளாஸ்ரினும், அதே செடியிலிருந்து பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்ரினும் குருதிப் புற்றுற்ற எண்ணற்ற குழந்தைகளைக் காத்துள்ளன. ஆயின் ஒரு கிராம் வின்கிறிஸ்ரினைப் பெறப் பல நூறு கிலோ இலை வேண்டும். நோயாளிக்கு ஏற்றப்படுவதோ ஓரிரு மில்லிகிராம். அதுவும் நாளத்தின் வழியே, குருதியைச் சோதித்துச் சோதித்து. நாளத்தில் ஏற்றினால் உயிர்காக்கும் அம்மருந்து முள்ளந்தண்டு நீரிற் சேர்ந்தால் உயிரைக் கொல்லும். அத்தகைய ஒன்றைக் கைப்பிடி அளவில் பறித்துக் குவளையிற் கொதிக்கவைப்பவர் எதை அளந்தார்? நோயைத் தீர்க்கப் போதாத மருந்தையோ, அளவு தெரியாத நஞ்சையோதான் அவர் குடிக்கிறார்.

ஏனையவற்றின் கதையும் இதுவே. கார்த்திகைப்பூக் கிழங்கிலுள்ள கொல்சிசின் உயிரணுக்கள் பிளவுறுவதைத் தடுப்பது. அதனால் அது புற்றையும் தடுக்கும் என்று பேசுகின்றனர். ஆயின் எலும்பு மச்சையிலும் குடலிலும் நாள்தோறும் பிளவுறும் நல்ல அணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை. அக்கிழங்கை உண்ட ஒருவரின் மயிர் உடலெங்கும் உதிர்ந்த செய்தியை 1966 இல் இலங்கை மருத்துவர் ஒருவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். ஆஸ்பத்திரி மருந்தால் முடி கொட்டும் என்று அஞ்சிக் கிழங்கை நாடுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். ஈசுரமூலியின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று கலந்த மெலிவு மருந்தை 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்துப் பெண்கள் உட்கொண்டனர். பலரது சிறுநீரகங்கள் அழிந்தன. பின்னர் சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேரிடம் சிறுநீர்ப் பாதையிற் புற்று இருந்தது என்று 2000 இல் அறிவித்தனர். மருந்தென உண்டதே புற்றை ஈன்றது! முட்சீத்தாவை நெடுங்காலம் பழமாகவும் இலைக்கசாயமாகவும் உட்கொண்ட குவாதலூப் தீவு மக்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்புநோய் மிகுந்திருந்ததையும், அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்பதையும் 1999 இல் லான்செற் சஞ்சிகை வெளியிட்டது.

இவ்வாறு சொன்னால், "தமிழன் மருத்துவத்தை இழிவுபடுத்துகிறீர்" என்று சிலர் சீறுவர். உண்மையில் இழிவுபடுத்துவோர் யார்? சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையைச் சித்த மருத்துவம் புற்றுக்கும் கையாண்டது. ஆனால் அதன் பால் தோலைப் புண்ணாக்கும் என்பதை அறிந்தே கையாண்டது. சுத்தி செய்தல், அளவு, அனுபானம், பத்தியம் என்று வேலிமேல் வேலியிட்டது. அவ்வேலிகள் எல்லா ஆபத்தையும் நீக்கிவிட்டன என்று நாம் கூறவில்லை. ஆயின் நஞ்சை நஞ்சென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அம்மருத்துவத்துக்கு இருந்தது. இன்றைய பொட்டல வியாபாரியோ வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சித்தரின் பெயரை மட்டும் உறையில் அச்சடித்துக்கொள்கிறான்.

நஞ்சு கொல்லாவிடினும் காலம் கொல்லும். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் மார்பிற் சிறு கட்டியைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றே வெட்டி அகற்றினால் அவள் பிழைக்க வழியுண்டு. ஆறு மாதம் கசாயம் குடித்துவிட்டு வந்தால் கட்டி அக்குளுக்கும் எலும்புக்கும் குடியேறியிருக்கும். மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய 281 நோயாளரை ஆராய்ந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் இறக்கும் வாய்ப்பு முறையான சிகிச்சை பெற்றோரினும் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றாயின் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்களுள் எவரும் லயத்தில் வாழ்ந்தவரல்லர்.

அப்படியாயின் நம் மக்கள் ஏன் இலையை நாடுகின்றனர்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது படித்தவரின் சோம்பல். தோட்ட வைத்தியம் நெடுங்காலம் துரைமாரின் தயவில் இருந்தது. தேசிய சுகாதார சேவை மலையேறி வந்ததோ துண்டு துண்டாக. 2017 மே மாதம் இந்திய உதவியுடன் எழுந்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் 150 படுக்கைகள் உள்ளன, நன்று. ஆயினும் புற்றுக்குரிய சிகிச்சைக்குக் கண்டிக்கோ மஹரகமவுக்கோதான் போகவேண்டும். சிகிச்சை இலவசம், பயணம் இலவசமன்று. துணைக்குப் போகிறவரின் கூலியும் போய்விடும். 1000 ரூபா நாட்சம்பளத்தை 2021 இல் அடைவதற்கே ஆண்டுக்கணக்கிற் போராடியவர்கள் நம் தொழிலாளர். 2022 இன் நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. இலையோ வாசலில் இருக்கிறது, விடுமுறை கேட்பதில்லை, பஸ் கட்டணம் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி விட்டுவைத்த இடைவெளியிலேதான் நச்சுச்செடி வேர்பிடிக்கிறது.

இனி, நம் தோழர் சிலரையே மயக்கும் வாதம் ஒன்று உண்டு: மருந்துக் கம்பனிகள் இலாபத்துக்காக மூலிகையின் உண்மையை மறைக்கின்றன என்பது. கம்பனிகளின் இலாப வேட்டையை நாமும் அறிவோம். அதனை இந்நாட்டில் எதிர்த்துநின்ற பேராசிரியர் சேனக பிபிலே என்ன செய்தார்? எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் கூடி அறிக்கை எழுதினார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறக்க வழிசெய்தார். இன்றியமையாத மருந்துகளைத் தேர்ந்து, தரம் பார்த்து, மொத்தமாக மலிவில் வாங்கி ஏழைக்கு எட்டச் செய்வதே அவர் காட்டிய வழி. சோதனையைக் கைவிடுக என்று அவர் சொல்லவில்லை. சோதனையை மக்கள் உடைமையாக்குக என்றார். பெரிய வணிகனுக்கு அஞ்சிச் சிறிய வணிகனின் பொட்டலத்தை வாங்குவது முற்போக்காகாது. அவனும் இலாபத்துக்கே விற்கிறான். அவன் சரக்கைச் சோதிப்பார் எவருமில்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதிற் கடமை உண்டு. ஆறாத வாய்ப்புண், வாயில் வெண்படலம், மார்புக் கட்டி, காரணமற்ற குருதிப்போக்கு ஆகியவற்றை மறைக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதை வகுப்பிற் சொல்லுவோம். பிள்ளைகள் அதனை லயத்துக்கு எடுத்துச் செல்வர். ஏற்கெனவே இலை குடித்துவிட்டவரை ஏசாதிருப்போம். ஏசினால் அவர் வைத்தியரிடமும் மறைப்பார். குடித்தது எந்த இலை, எத்தனை நாள் என்பதை வைத்தியரிடம் சொல்லத் துணைநிற்போம். நோய்கண்டறியும் நடமாடும் சேவை தோட்டந்தோறும் வரவேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்குச் சம்பளமும், நோயாளிக்கும் துணைவர்க்கும் பயணச் செலவும் வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளுள் முதல் வரிசையில் வைக்கவேண்டும்.

கசாயக் குவளையைத் தட்டிவிடுவது எளிது. அவ்விடத்தில் மருந்தை வைப்பதே கடினம். இவ்விரண்டையும் ஒருங்கே செய்பவனுக்கே நோயாளியிடம் "இதைக் குடிக்காதே" என்று சொல்லும் உரிமை உண்டு.