கதவைச் சாத்தியது யார்?

ஒரு வீட்டில் நாலு பேர் பேசிக் கொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்து விட்டவர் முதலில் எழுந்திருக்கிறார். விளக்கை அணைத்துக் கதவையும் பூட்டிக் கொண்டு அவர் போய்விட்டால், உள்ளே இருக்கும் மூவர் கதி என்ன?

டெலிபோன் வழியே இணையம் வந்த நாளில் கம்ப்யூட்டர்கள் இந்த வேடிக்கையைத்தான் செய்தன.

1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து விட்டது. மெள்ள மெள்ள அது ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் வந்து சேர்ந்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் மாநிலம் வேறு. டெலிபோன் குறியீடும் வேறு. இங்கே 04344, அங்கே 080. சிப்காட் தொழிலாளியின் பிள்ளை பெங்களூரில் வேலை தேடினால், மோடம் வழியே போகும் மின்னஞ்சல்தான் அவனுக்குத் தூது.

மோடத்தின் வேகமோ, மிஞ்சிப் போனால் விநாடிக்கு 56,000 பிட்டுகள். நாலு மெகாபைட் பாட்டு ஒன்று வந்து சேர ஏறக்குறைய பத்து நிமிஷம்! அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த தொடர்பு, ஒரு கடிதம் போன மாத்திரத்தில் 'டொக்'கென்று அறுந்துவிடும். இன்னொரு ஜன்னலில் நிரப்பிக் கொண்டிருந்த விண்ணப்பம் அந்தரத்தில் நிற்கும். மறுபடி டயல் செய்தால் மறுபடி கட்டணம். வீட்டுப் பெரியவருக்குக் கோபம் வராதா?

பலரும் லைனின் பேரில் பழி போட்டார்கள். லைன் பாவம்! அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற தபால் புரோகிராமில், 'அனுப்பி, பெற்று முடிந்ததும் தொடர்பைத் துண்டி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி இருந்தால், மற்றவர்களைக் கேளாமலே அது கதவைச் சாத்திவிடும். குறியை எடுத்துவிட்டால் போதும். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு நிம்மதியாகப் போய் வரலாம். வேலையெல்லாம் முடிந்தபின் நாமே துண்டித்துக் கொள்ளலாம்.

மோடத்தின் கீச்சுக் குரல் இன்று ஓய்ந்துவிட்டது. கதவு சாத்தும் குணம் ஓயவில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும், 'யாரும் இல்லாவிட்டால் தானே அணைந்துவிடு' என்ற கட்டளை பல போன்களில் உண்டு. ஓசூர் - பெங்களூர் பஸ்ஸில் மடிக்கணினியை விரித்து வேலை பார்க்கும் அன்பர்களே! அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் தொடர்பு அறுந்தால், டவரைத் திட்டுமுன் அந்தக் கட்டளையைப் பாருங்கள். கதவைச் சாத்தியது உங்கள் சட்டைப் பையில் இருப்பவராகவே இருக்கலாம்!