தீவுப் பறவைகளும் காவலர் கடமையும்

பங்குனி கழிந்து இளவேனில் பிறக்கும் நாட்களில், விடியற்காலையிற் சேந்தமங்கலத்து வெளியில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் கொல்லிமலை மலையாகத் தோன்றுவதில்லை. வெண்ணிறப் பனிப்படலத்தின்மேல் மிதக்கும் தீவாகவே தோன்றும். இது வெறுங் கண்மயக்கன்று. அடிவாரத்தில் முட்புதரும் வறண்ட காடும் பரந்துள்ளன. ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரத்திலோ ஈரம் மாறாத சோலைக்காடுகள் ஆங்காங்கே நிற்கின்றன. அச்சோலைகளில் வாழும் பறவைகளிற் சில கீழே இறங்கி வாழ அறியா. நாம் நெல்லும் கரும்பும் விளைக்கும் சமவெளி அவற்றுக்குக் கடலேயாம்.

மலை தீவாயின், அத்தீவுக்குக் காவலர் யாவர் என்னும் கேள்வி எம் உள்ளத்தே எழுந்தது. இதற்கு விடை காண விரும்பின், மெய்யாகவே கடல் நடுவிலுள்ள தீவுகளிற் பறவைக் காவல் எவ்வாறு நடந்து வந்துள்ளது என்பதை முதலில் ஆராய்தல் தகும். அங்ஙனம் ஆராய்ந்து, பின்னர் நம் மலைக்கு மீள்வோம். யாம் கூறப் புகுவது இதுவே: தூரம் காவலாகாது, அரசாங்க ஆணையும் தனியே நின்று காவலாகாது, அவ்விடத்தே தங்கி, தன் வாழ்க்கையை அவ்விடத்துக்கு அடக்கிக்கொள்ளும் மனிதனும், அவனோடு மனமொத்த அயலாருமே காவலாவர்.

இங்கிலாந்தின் வடகீழ்க் கரைக்கு அப்பால் பார்ன் தீவுகள் எனப்படும் பாறைத் தீவுகள் உள. 7-ஆம் நூற்றாண்டிற் கத்பெர்ட் என்னும் துறவி அவற்றுள் ஒன்றிற் சென்று தனித்து வாழ்ந்து, 687-இல் அங்கேயே உயிர் நீத்தார். தம் தீவிற் கூடு கட்டும் பறவைகளை ஒருவரும் துன்புறுத்தலாகாது என அவர் விதித்தார் என்பது செவிவழி வரலாறு. அங்குள்ள கடல்வாத்து ஒன்றை அக்கரை மக்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கின்றனர். 1925 முதல் அத்தீவுகள் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தின் உடைமையாயுள்ளன. ஆண்டுதோறும் இளவேனிற் பருவத்துக்கு முன்னர்க் காவலர் சிலர் படகேறிச் சென்று, குளிர்காலம் வருமளவும் ஆங்கே தங்குகின்றனர். பஃபின் என்னும் பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும்; ஆலாக்கள் நடைபாதையின் ஓரத்திலேயே முட்டையிட்டு, நெருங்குவோர் தலையைக் கொத்தும். வழி தவறி ஓர் அடி வைப்பின் வளையினுள்ளே குஞ்சு நசுங்கிப் போகும். ஆதலின் காவலர் செய்வன யாவை? கயிறு கட்டி வழி வகுத்தல், வருவோரை அவ்வழியே நடத்தல், கூடுகளை எண்ணுதல், கண்டவற்றை அன்றன்றே குறித்தல் ஆகிய இவையே. இவற்றுள் வீரச்செயல் என ஒன்றுமில்லை. ஆயினும் இச்சிறு வேலைகள் நாள் தவறாது நடைபெறுவதனாலேயே அத்தீவுகள் இன்றும் பறவைகளுக்கு வீடாயுள்ளன.

இனி நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. முயல் தீவு, மணலித் தீவு, குருசடை, நல்லதண்ணி, தலையாரி, வாழை என அவற்றின் பெயர்களே கேட்க இனியன. 1986-இல் அரசாங்கம் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கிற்று. அவற்றுட் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு கடலுள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அவ்வளைகுடாவில் நெடுங்காலம் நிகழ்ந்த கேடு. அலையைத் தடுத்த வேலியை நாமே பிடுங்கியபின், தீவு கரைந்தது என்று கடலை நோவதிற் பயனென்ன?

இங்கே நம் நாட்டு இளவேனிலுக்கும் வடநாட்டு இளவேனிலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். வடகடல் தீவுகளுக்கு அது பறவைகள் வந்தடையும் பருவம். நம் தீவுகளுக்கோ அது பறவைகள் விடைபெறும் பருவம். ஆவணி, புரட்டாசியில் வடதுருவத்தை அடுத்த நிலங்களிலிருந்து உள்ளான் இனங்கள் கூட்டங் கூட்டமாக இங்கே வருகின்றன. அவற்றுள் மிகச் சிறியதாகிய கொசு உள்ளானின் நிறை ஏறக்குறைய இருபத்தைந்து கிராமே. ஒரு கைப்பிடி அரிசியினும் குறைவு. பங்குனி வந்ததும் அவற்றின் சாம்பல் நிறம் மாறிச் செம்பழுப்பு ஏறுகிறது. அலை வாங்கிய சேற்றிற் புழுவையும் பூச்சியையும் ஓயாது பொறுக்கித் தின்று உடம்பிற் கொழுப்பைச் சேர்க்கின்றன. அக்கொழுப்பே இமயத்துக்கு அப்பாலும் செல்லும் நெடும்பயணத்துக்கு அவை கட்டிக்கொள்ளும் கட்டுச்சோறு. அந்நாட்களில் நாய் ஒன்று கரையில் ஓடினாலும், படகு ஒன்று இரைந்து சென்றாலும் கூட்டம் முழுவதும் எழுந்து சுற்றி மீள்கிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் கட்டுச்சோற்றில் ஒரு பிடி குறைகிறது. பறவையை ஒருவரும் கொல்லவில்லை. ஒரு கூடும் கலையவில்லை. எனினும், எங்கோ சைபீரியாவுக்குச் செல்லும் வழியில் அப்பறவை களைத்து விழக்கூடும். இக்கேட்டைத் தொலைவிலிருந்து ஆணை எழுதுவோர் அறியார். கரையில் நின்று நாள்தோறும் பார்ப்பவனே அறிவான்.

தூரமே போதிய காவல் என்பார்க்கு நார்கொண்டம் தீவு தக்க மறுமொழியாகும். அந்தமான் தீவுகளுக்குக் கீழ்ப்பால், ஏறக்குறைய ஏழு சதுர கிலோமீட்டர் பரப்பே உடையதாய், பழைய எரிமலை ஒன்றின் உச்சியாய் அது நிற்கிறது. நார்கொண்டம் இருவாய்ச்சி என்னும் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. மாசி பங்குனியிற் பெண்பறவை மரப்பொந்தினுட் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண்பறவையே ஆலம்பழமும் அத்திப்பழமும் கொணர்ந்து ஒரு சிறு பிளவின் வழியாக ஊட்டும். அந்நாட்களில் ஆண்பறவை ஒன்று வீழ்ந்தால், மரத்துக்குள் அடைபட்ட குடும்பமும் துன்புறும் என்று சொல்லவும் வேண்டுமோ?

1969-இல் அத்தீவிற் போலீஸ் காவல்நிலையம் அமைந்தது. 1977-இல் தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. காவலும் உண்டு, ஆணையும் உண்டு. ஆயினும் தங்கியிருந்தோர் உணவுக்காகக் கொண்டுவந்த சில ஆடுகள் காட்டிற் பெருகி, நூற்றுக்கு மேற்பட்டு, முளைக்கும் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்தன. முதுமரம் விழுந்தால் அதன் இடத்தை நிரப்ப இளமரம் இல்லையென்றால், இருவாய்ச்சிக்குப் பொந்து ஏது? பறவை ஆராய்ச்சியாளர் எடுத்துரைத்த பின்னரே ஆடுகள் அகற்றப்பட்டன. 2019–20-இல் நிகழ்ந்த கணக்கெடுப்பு அங்கே ஏறத்தாழ ஆயிரம் இருவாய்ச்சிகள் உள்ளன எனத் தெரிவித்தது. கேடு விளைத்தோர் கொடியர் அல்லர். வீட்டை விட்டுக் கடல் நடுவே வந்து, உண்ண இறைச்சி இன்றித் தவித்த எளிய மனிதர். இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

இத்தகைய பாடத்தை நியூசிலாந்து தேசம் இன்னும் பெரிய விலை கொடுத்துக் கற்றது. ஸ்டீபன்ஸ் தீவு என்னும் சிறு தீவில் 1894-இற் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. விளக்குக் காப்போருடன் பூனையும் வந்தது. அத்தீவில் மட்டுமே எஞ்சியிருந்த, பறக்கமாட்டாத சிறு குருவியினம் ஒன்று சில ஆண்டுகளுக்குள் அடியோடு அழிந்தது. ஒரே பூனை அவ்வினத்தை முடித்தது என்று கதை வழங்குகிறது. உண்மையில் அங்கே பெருகிய பூனைகள் பல. கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கின் அடியிலேயே ஓர் இனம் மறைந்தது. ஆகவே காவலன் முதலிற் காக்க வேண்டியது பிறருடைய கையை மட்டும் அன்று. தன் சமையற்கட்டையும் தன் வளர்ப்புப் பிராணிகளையுங்கூட என்க.

காவலன் தங்கவே இயலாத தீவும் உண்டு. இலட்சத்தீவுகளிற் கவரத்திக்கு வடமேற்கே பட்சிப்பிட்டி என்னும் மணல்திட்டு இருக்கிறது. அங்கே மரமில்லை, குடிநீரும் இல்லை. பரப்பு மூன்று ஏக்கர் அளவே. ஆயினும் ஆலா இனங்கள் வெறுமணலில் முட்டையிட்டுப் பெருகும் இடம் அது. 1875-இல் ஹியூம் என்னும் பறவையியல் அறிஞர் அங்கே சென்று கண்டு எழுதினார். பின்னர் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவராக நாம் அறியும் ஹியூம் அவரே. 1995-இல் அது பறவைச் சரணாலயமாயிற்று. அங்கே காவல் என்பது, மீன்பிடிக்கச் செல்லும் படகுக்காரன் திட்டின் அருகே வந்தும், முட்டையை எடுக்காது திரும்பிச் செல்வதேயன்றி வேறில்லை. அவன் மனம் இசையாவிடில் ஆயிரம் பலகை நட்டும் பயனில்லை.

இவ்விடத்தே ஒரு நியாயமான தடை எழும். “பறவைக்கு இரங்குகிறீர், மீனவர்க்கு இரங்குபவர் யார்?” என்று கேட்பார் உளர். இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் அறமன்று. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்து வந்த பெண்கள் பலர், பூங்கா அமைந்தபின் தம் பாட்டன் காலத்து உரிமை குற்றமாயிற்றே என வருந்தினர். அவர்களைக் கள்வரைப் போல் விரட்டுவது எளிது. ஆனால் அப்பெண்களே, பாசி மீண்டும் வளரும் பொருட்டு, மாதத்திற் குறித்த சில நாட்களே கடலில் இறங்குவது எனத் தமக்குள் வரம்பு செய்துகொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. தன் பிழைப்புக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்பவள் காவலுக்குப் பகையல்லள்; அவளே முதற் காவலாகத் தக்கவள்.

நம் மாகாணத்திலேயே இதற்குப் பழஞ்சான்று உண்டு. செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில், நீர் நடுவே நிற்கும் கடப்ப மரங்களிற் பறவைகள் கூடு கட்டுகின்றன. சிப்பாய்கள் அங்கே வேட்டையாடியபோது ஊரார் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர் உரிமையைக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் ஒப்புக்கொண்டார். ஊரார் காத்தது அருளினால் மட்டும் அன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை அவர் கண்டிருந்தனர். இன்றும் தீபாவளியன்று வெடி வெடியாது விடும் ஊர் அது. அறமும் பயனும் ஒன்றுகூடிய இடத்திற் காவல் இருநூறாண்டு நின்றது; கூடாத இடத்தில் இருபதாண்டும் நில்லாது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தீவிலும் காட்டிலும் தங்கிக் காக்கும் காவலர்க்கு நிலையான ஊதியமும், நல்ல குடிநீரும், பழுதற்ற படகும், நோயுற்றால் உடனே கரை சேர வழியும் அளித்தல் வேண்டும். இவ்வேலை செய்வோரிற் பலர் இன்றும் தற்காலிகக் கூலி பெறுவோரே. பசித்த காவலன் ஆடு கொணர்வான். அவனைக் குறை கூறும் உரிமை, அவனைப் பசிக்கவிட்ட நமக்கு இல்லை. இரண்டாவது, காவலரை இயன்றவரை அக்கரை மக்களிலிருந்தே தேர்தல் வேண்டும். மூன்றாவது, காவலன் நாள்தோறும் எழுதும் குறிப்புக்கு மதிப்பு வேண்டும். எத்தனை பறவை, எந்நாள் வந்தது, எந்நாள் சென்றது என்னும் எளிய கணக்கு இன்றேல், இழந்ததையும் அறியோம், மீட்டதையும் அறியோம்.

இனி நம் மலைக்கு மீள்வோம். கொல்லிமலையில் ஊர்தோறும் தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட கோயிற்காடுகள் உண்டு. கப்பைக்கிழங்கு வயல்களுக்கும் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கும் இடையே அவை சிறு தீவுகளாய் நிற்கின்றன. அங்கே கிளை ஒடித்தலாகாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அதை எழுதிய அரசாங்கம் இல்லை. காப்பதற்குச் சேவகன் இல்லை. இதனை மூடநம்பிக்கை என நகைப்போர் நம் கலாசாலையிலும் உளர். யாம் அவரோடு உடன்படோம். நம் வழிபாடு வேறாயினும், மரத்தையும் அதன்மேற் பறவையையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒழுக்கத்துக்குத் தலைவணங்குதல் கிறிஸ்தவனுக்கு இழுக்கன்று. அடைக்கலான் குருவியையும் பிதாவானவர் மறப்பதில்லை என்று போதிக்கப்பட்ட நாம், அக்குருவிக்கு நிழல் விட்டுவைத்த மலைமக்களை எள்ளுவது எங்ஙனம் பொருந்தும்? அவ்வொழுக்கம் தளர்ந்து காடு சுருங்கும் இந்நாளில், நகைப்பதினும் துணைநிற்றலே நன்று.

எழுபது கொண்டையூசி வளைவுகளை ஏறி மலைக்கு உல்லாசமாகச் செல்லும் மாணவர், பாட்டுப்பெட்டியை முழக்கி, எச்சில் இலையும் பிளாஸ்டிக் பையும் எறிந்து மீள்வதை யாமே கண்டிருக்கிறோம். அவர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஊழியர், மலைச்சுரத்துக்கு அஞ்சிப் பிறர் தங்கத் தயங்கிய காலத்தில், தம் மனைவியார் எவலினுடன் கொல்லிமலையிற் குடியேறி, 1929-இல் அச்சுரத்துக்கே இரையாகி அங்கேயே அடங்கினார். எவலின் அம்மையாரோ முதுமையிலும் மலைமக்களிடையே ஊழியஞ் செய்து, 1974-இல் மறைந்தார். அவர்கள் பறவைக் காவலர் அல்லர். ஆயினும் ஓரிடத்துக்கு நன்மை செய்ய விரும்புபவன் அவ்விடத்தே தங்கல் வேண்டும் என்னும் உண்மைக்கு அவர்கள் வாழ்க்கையினும் சிறந்த உரை யாது?

மாணவர்காள், நீவிர் எல்லீரும் நார்கொண்டத்துக்குச் செல்ல இயலாது. செல்லாதிருத்தலே அத்தீவுக்கு நலம். ஆயினும் வரும் பங்குனியில், உம் ஊர் ஏரிக்கரையிலோ, மலைமேற் சோலை ஓரத்திலோ, ஒரே இடத்தைத் தேர்ந்து, வாரம் ஒரு காலை அங்கே ஓசையின்றி அமர்ந்து, கண்ட பறவைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவீர். அடுத்த பங்குனியிலும் அவ்வாறே எழுதுவீர். மூன்றாண்டு படிப்பு முடிந்து விடைபெறும்போது, அப்புத்தகத்தை உமக்குப்பின் வரும் மாணவன் கையிற் கொடுப்பீர். நம் கலாசாலை அம்மலைத்தீவுக்குச் செய்யத்தக்க முதற் காவல் அதுவே எனக் கருதுகிறோம்.