ஜப்பான் போயும் டிஸ்னியா என்று கேட்பவர்களுக்கு

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றதும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு டிஸ்னி வேண்டும். எதிர்க்கட்சியில், நாலு ஊர் பார்த்தவர் என்று பெயரெடுத்த சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் இருப்பார். “அவ்வளவு தூரம் போயும் அமெரிக்கக்காரன் பொம்மையைத்தான் பார்க்கணுமா? அந்த ஒரு நாளையும் க்யோட்டோவிலேயே இருந்துட்டு வாங்க” என்று அவர் தீர்ப்பு எழுதிவிடுவார். அதற்கு மேல் அப்பீல் போக யாரும் துணிவதில்லை. போனால் ரசனை கெட்டவர் என்று பெயர் வரும். மிக்கி மவுஸைக் கண்டால் எனக்கு எந்தச் சிலிர்ப்பும் வருவதில்லை. அந்தத் தகுதியில் நானே அப்பீல் போடுகிறேன்.

முதல் குற்றச்சாட்டு, அது அமெரிக்கப் பூங்காவின் நகல் என்பது. பாதி உண்மை. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15-ல் திறந்தது; அமெரிக்காவுக்கு வெளியே வந்த முதல் டிஸ்னி பூங்கா அதுதான். கோட்டை, பேய்வீடு, கடற்கொள்ளையர் படகு எல்லாம் அங்கிருப்பவைதான். கலிஃபோர்னியாவையோ ஃப்ளோரிடாவையோ பார்த்தவர்கள் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் சித்தப்பா சொல்லாமல் விடுவது, அதே வளாகத்தில் இரண்டாவதாக ஒரு பூங்கா இருக்கிறது என்பதை. 2001 செப்டம்பர் 4-ல் திறந்த டோக்கியோ டிஸ்னிஸீக்கு உலகில் வேறெங்கும் ஜோடி கிடையாது. கடலை மையமாக வைத்த டிஸ்னி பூங்கா ஒன்றைக் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் கட்டத்தான் முதலில் திட்டமிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அந்த எண்ணத்துக்கு ஜப்பானில்தான் உயிர் வந்தது. 51 மீட்டர் உயர எரிமலை, அதன் வயிற்றுக்குள் ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நெமோ தங்கும் தீவு, அதைச் சுற்றித் துறைமுகம் துறைமுகமாகப் பகுதிகள். எட்டாவது துறைமுகமான ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் 2024 ஜூன் 6-ல் திறந்தது. அதற்கு மட்டும் ஆன செலவு சுமார் 32,000 கோடி யென். இத்தனைக்கும் இரண்டு பூங்காக்களுக்கும் சொந்தக்காரர் டிஸ்னி இல்லை. ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம்தான் முதல் போட்டு, டிஸ்னிக்கு உரிமத் தொகை கட்டி, தானே நடத்துகிறது.

இங்கே ஒரு ரைடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டவர் ஆஃப் டெரர் என்ற பெயரில் ஃப்ளோரிடாவில் ஒரு லிஃப்ட் ரைடு உண்டு. ஒரு பழைய அமெரிக்க டி.வி. தொடரை வைத்துக் கட்டியது. அந்தத் தொடர் ஜப்பானியரிடம் எடுபடாது என்பதால் டிஸ்னிஸீக்குக் கதையையே புதிதாக எழுதினார்கள். ஹாரிசன் ஹைடவர் என்ற கோடீஸ்வரர் உலகமெல்லாம் போய்ப் புராதனப் பொருள்களை அள்ளிவந்து தன் நியூயார்க் ஹோட்டலை நிரப்புகிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிலையைக் கேலி செய்கிறார். 1899-ன் கடைசி இரவில் லிஃப்டோடு காணாமல் போகிறார். நாம் நிற்கும் வரிசை அந்த ஹோட்டலின் முகப்புக் கூடம் வழியாகத்தான் போகிறது. கூடத்துச் சுவர் ஓவியங்களை நின்று பார்க்க வேண்டும்: ஊர் ஊராக ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹைடவர் ஓடுகிறார், ஊர்க்காரர்கள் துரத்துகிறார்கள். உள்ளே ஒரு அறையில் அந்தச் சிலை நம் கண்ணெதிரே மறைந்துபோகிறது. எப்படி என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அறிவிப்பு முழுக்க ஜப்பானிய மொழியில்தான். ஆனால் சிலைக் கடத்தல் செய்திகளை வாரம் ஒன்றாகப் படித்துப் பழகிய நமக்கு இந்தக் கதைக்கு உரை தேவைப்படாது. அமெரிக்க நகல் என்று இதைச் சொல்பவர் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது: அங்கே ஜப்பான் இல்லை. இதற்கு நான் எதிர்க்கேள்வி ஒன்று வைத்திருக்கிறேன். ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வாயில்களுக்கு அடியில் காலை பத்து மணிக்கு உங்களுடன் நிற்பவர் யார்? உங்களைப் போலவே விமானம் ஏறி வந்தவர்கள்தான். டிஸ்னிஸீயில் சுற்றி நிற்பவர்களில் பெரும்பங்கு ஜப்பானியர். லீவு நாளில் ஒரு ஜப்பானியக் குடும்பம் எப்படி இருக்கும் என்பதைக் கோயில் வாசலில் பார்க்க முடியாது, இங்கே பார்க்கலாம். டிஸ்னிலேண்ட் ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாயை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்வரிசை எழுந்து நிற்பதே இல்லை, பின்வரிசைக்கு மறைக்குமாம். பள்ளி முடித்துப் பல வருடமான பெண்கள் தோழிகளுடன் பழைய பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு வருகிறார்கள். அது ஒரு தனி வழக்கமாகவே ஆகிவிட்டது. மழை விட்ட பிறகு குப்பை கூட்டும் ஊழியர் ஒருவர் துடைப்பத்தைத் தேங்கிய தண்ணீரில் தோய்த்து, தரையில் நாலே இழுப்பில் டொனால்டு வாத்தை வரைகிறார். பத்துப் பேர் கூடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். வாத்து காய்ந்து மறைகிறது, அவர் அடுத்த குப்பையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

பூங்கா இருக்கும் ஊரையும் பார்க்க வேண்டும். பெயரில்தான் டோக்கியோ, இருப்பது பக்கத்திலுள்ள சிபா மாநிலத்தின் உராயாசு. சிப்பியும் கடற்பாசியும் எடுத்துப் பிழைத்த மீனவர் ஊர் அது. 1958-ல் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த காகித ஆலை கழிவுநீரை விட்டதில் மீன்வளம் பாழாக, உராயாசு மீனவர்கள் ஆலைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான், அதே ஆண்டில், ஜப்பான் நீர் மாசுக்கு எதிராகத் தன் முதல் சட்டங்களைப் போட்டது. கடல் திரும்பவில்லை. 1971-ல் மீனவர்கள் தங்கள் மீன்பிடி உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். அந்த நிலத்தின் மேல்தான் எரிமலையும் கோட்டையும் நிற்கின்றன. எண்ணூரையும் அதன் முகத்துவாரத்தையும் அறிந்தவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. உராயாசு நகர அருங்காட்சியகத்தில் 1952-ம் ஆண்டின் மீனவர் தெருவை அப்படியே எழுப்பிவைத்திருக்கிறார்கள். டிஸ்னிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்று கேட்டால், அந்தக் குறை பூங்காவின் குறையில்லை.

ஊருக்கும் பூங்காவுக்கும் ஒட்டுறவு இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் உராயாசு நகராட்சி தன் ஊர் இளைஞர்கள் இருபது வயதை எட்டியதைக் கொண்டாடும் விழாவை 2002 முதல் டிஸ்னிலேண்டில்தான் நடத்துகிறது. நீண்ட கை வைத்த பட்டுக் கிமோனோவில் பெண்கள், மேடையில் மிக்கி.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது இரண்டு பூங்காக்களிலும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பகுதிநேர வேலைக்கு வந்த இளைஞர்களே ஊழியர்கள். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த துணிப் பொம்மைகளை எடுத்துக் கொடுத்து, தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குளிருக்கு அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள். விற்பனைச் சரக்கிலிருந்த இனிப்புகளைப் பசிக்குக் கொடுத்தார்கள். ரயில் நின்றுபோனதால் ஏறக்குறைய 20,000 பேர் அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். ஊரில் பல இடங்களில் தூர்த்த மண் சேறாகிப் பொங்கியது. பூங்காவுக்கு அடியில் மணலை முன்பே அழுத்தி இறுக்கி வைத்திருந்ததால் அது தப்பியது, வாகன நிறுத்துமிடம் தப்பவில்லை. இதில் ஜப்பான் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

அடுத்த குற்றச்சாட்டு, எல்லாம் போலி, செட்டு என்பது. செட்டுத்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் அசல் என்று நம்மை அனுப்பிவைக்கும் இடங்களின் வயதையும் கேட்டுப் பார்க்கலாம். க்யோட்டோவின் பொற்கோயிலை 1950-ல் ஒருவர் கொளுத்திவிட்டார். நாம் பார்ப்பது 1955-ல் கட்டியது. கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்ததும் அதே 1955. அசகுசாவின் சென்சோஜி மூலக்கட்டடம் போரில் எரிந்து 1958-ல் கான்கிரீட்டில் எழுந்தது. ஒசாகா கோட்டை 1931-ன் கான்கிரீட், உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. இவற்றை மட்டம் தட்டச் சொல்லவில்லை. அழிந்ததை மறுபடி கட்டுவதை ஜப்பானியர் குறையாக நினைப்பதில்லை. ஈசே கோயிலை 20 ஆண்டுக்கொரு முறை வேண்டுமென்றே புதிதாகக் கட்டுகிறார்கள். பழமைதான் அளவுகோல் என்றால் அந்த அளவுகோல் அங்கே செல்லாது என்கிறேன், அவ்வளவுதான்.

செட்டை ரசிக்கத் தமிழருக்குச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. நாயகன் படத்துக்காகச் சென்னை ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட தாராவியைப் போலி என்று யாரும் திட்டவில்லை, தேசிய விருதுதான் கொடுத்தார்கள். டிஸ்னிஸீயில் அந்தக் கண்ணோடு நடந்தால் கால் நகராது. இத்தாலியத் துறைமுகச் சுவரில் தெரியும் ஜன்னல்களில் சில ஜன்னலே இல்லை, வெறும் ஓவியம். இத்தாலியக் கடற்கரை ஊர்களிலும் அப்படித்தான் வரைந்துவைப்பார்கள். நெமோவின் நீர்மூழ்கியில் ஏறினால் கடலடிக்கு இறங்குவது போலவே இருக்கும். உண்மையில் வண்டி தண்ணீருக்குள் போவதே இல்லை. ஜன்னல் கண்ணாடி இரட்டையாக இருக்கிறது, தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். இறங்கும்போது அதற்குள் குமிழி விடுகிறார்கள். மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் தந்திரம் பிடிபடும், பிடிபட்ட பிறகும் உடம்பு நம்ப மறுக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கானது என்று சொல்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் 18 வயது தாண்டியவர்கள். டிஸ்னிஸீயில் எரிமலைக்குள் ஓடும் ரைடுக்கும் இந்தியானா ஜோன்ஸ் ரைடுக்கும் 117 செ.மீ. உயரம் வேண்டும், ஹைடவரின் லிஃப்டுக்கு 102. நாலு வயதுப் பிள்ளையோடு போனால் கடற்கன்னிக் குகையில் பாதி நாளைத் தள்ளலாம், மற்றதெல்லாம் அப்பாவும் அம்மாவும் முறை வைத்து ஓட வேண்டியதுதான். மது விற்கும் டிஸ்னி பூங்கா இது, திறந்த நாளிலிருந்தே.

பணம்? 2023 அக்டோபரில் மாற்றிய விலைப்படி பெரியவர் ஒருவருக்கு நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென். ரூபாயில் சுமார் நாலரை ஆயிரத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம். மூன்று வயது வரை டிக்கெட் இல்லை. கலிஃபோர்னியாவில் மிக மலிவான நாளுக்கே 104 டாலர். டிஸ்னிக்கு மூக்கைச் சுளிக்கும் அதே சித்தப்பா டோக்கியோவிலிருந்து க்யோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போகச் சொல்வார்; ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென், இரண்டேகால் மணி நேரம். அதை வீண் என்று எவரும் சொன்னதில்லை. கையைக் கடிப்பது நுழைவுச்சீட்டு இல்லை, உள்ளே போன பிறகு வருபவைதான். வரிசையைத் தாண்ட ரைடுக்கு ரைடு தனியாகப் பணம் கேட்கிறார்கள். கழுத்தில் மாட்டும் பொம்மை வடிவப் பாப்கார்ன் டப்பாவைப் பார்த்ததும் பிள்ளைகள் நகர மாட்டார்கள். அதற்கும் சேர்த்து ஒரு தொகையை முன்பே ஒதுக்கிவிட்டால் சண்டை மிச்சம்.

நாள் முழுக்க வரிசையிலேயே போய்விடும் என்ற கடைசி வாதத்துக்கு மட்டும் முழுதாக மறுப்புச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், மார்ச் இறுதிப் பள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு: இந்த நாள்களில் சித்தப்பா சொல்வதுதான் சரி, போகாதீர்கள். ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸின் ஃப்ரோஸன் படகுக்கு இரண்டு மூன்று மணி நேரம் நிற்க நேரிடும். பாட்டும் ஜப்பானிய மொழியில்தான். மற்ற மாதங்களில் செவ்வாய், புதன் பார்த்துப் போவதுதான் வழி. டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கெய்யோ லைனில் மைஹாமாவுக்குக் கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் ஸ்டேஷனுக்குள் அந்த லைனின் பிளாட்பாரத்தைத் தேடிப் பூமிக்கடியில் நடக்கிற நடை தனி. வாசல் பெரும்பாலும் ஒன்பது மணிக்கு முன்பே திறந்துவிடும், எட்டுக்கே அங்கே இருங்கள்.

சுத்த சைவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். சாதாரணமாகத் தெரியும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். அரேபியன் கோஸ்ட் பகுதியின் காஸ்பா ஃபுட் கோர்ட்டில் நான் ரொட்டியும் குழம்பும் கிடைக்கும், எதில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால் பட்டியலையே எடுத்துக் காட்டுவார்கள். அதுவும் வேண்டாம் என்பவர்கள் நுழைவாயிலுக்கு வெளியே இருக்கும் பிக்னிக் இடத்தில் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம். வெளியே வரும்போது மறுநுழைவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.