பெயரைக் காப்போம்

காணி வாங்கியவன் உறுதியைப் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம். இணையத்தில் ஒரு பெயரைப் பதிந்தவனுக்கு அந்த நிம்மதி இல்லை. அவன் பெற்றது அறுதி அன்று, குத்தகையே. டொட் கொம், டொட் ஓர்க் போன்ற பொதுப் பெயர்களுக்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட தவணை எவருக்கும் கிடையாது. இதனை நம் சங்கங்களும் வாசிகசாலைகளும் ஆலய பரிபாலன சபைகளும் உணர்ந்துள்ளனவா என்பதே நமது கேள்வி.

தவணை முடிந்த பெயர் அன்றே கைமாறுவதில்லை. முடிவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும், ஒரு வாரம் முன்னும், முடிந்து ஐந்து நாளுக்குள்ளும் பதிவாளர் அறிவித்தல் அனுப்பவேண்டும் என்பது ஐக்கான் நிறுவனத்தின் விதி. அதன்பின் 45 நாள்வரை நீளக்கூடிய சலுகைக் காலம் உண்டு. பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம். ஈற்றில் எவரும் தொடமுடியாத 5 நாள். ஆயினும் சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்தில் விடும் பதிவாளரும் உளர். ஆதலின் பிந்திய நாட்களை நம்பியிருத்தல் பேதைமை.

அந்த ஐந்து நாளும் கழிந்ததும் முந்தியவனுக்கே பெயர். முந்துவதோ மனிதனல்லன், இயந்திரம். பதிவேட்டை இடையறாது வினவி, பெயரின் நிலை மாறுவதைக் குறித்துவைத்து, அது விடுபடும் கணத்திலேயே விண்ணப்பம் செலுத்தும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. இதனையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் நூற்றுக்கணக்கான பதிவாளர் அனுமதிகளைக் கையில் வைத்துப் போட்டியிட்டுள்ளன. செயலாளர் காலையில் எழுந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பெருஞ்செல்வருக்கும் மறதி உண்டு. 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் பாஸ்போட் டொட் கொம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹொட்மெயில் பாவனையாளர் பலர் உட்புக முடியாது தவித்தனர். நல்லெண்ணங் கொண்ட ஒருவர் 35 டொலர் செலுத்தி அப்பெயரைக் காத்தார். எல்லார்க்கும் அத்தகைய நல்லார் வாய்ப்பரோ?

1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய நம் தேசவழமை, காணி விற்பவன் பங்காளருக்கும் உரிமை வழியினருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என விதித்தது. இணையத்தில் அவ்வித முன்னுரிமை எவருக்கும் இல்லை. பறிபோன பெயரை மீட்க 1999இல் ஏற்கப்பட்ட பிணக்குத் தீர்வு விதி ஒன்று உண்டு. முறையிடுவோன் மூன்றினை நிறுவவேண்டும்: அப்பெயர் தன் வணிகக் குறியை ஒத்தது, பெற்றவனுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்குடன் பதிந்து பயன்படுத்தினான். ஒரு கிராமச் சங்கம் இவற்றை எங்ஙனம் நிறுவும்? உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் முன் ஒரு நடுவரைக் கொண்ட வழக்குக்கே 1,500 டொலர் கட்டணம்.

கைவிடப்பட்ட பெயரை மற்றொருவர் எடுப்பது குற்றமன்று. அதனை நாமும் ஏற்கின்றோம். ஆனால் பெயரைப் பெற்றவன் பழைய முகவரிகளுக்கு வரும் மடல்களையும் பெறவியலும். அங்கத்தவரின் அந்தரங்கமும் நன்கொடையாளரின் நம்பிக்கையும் அந்நியன் கைக்குச் சேரும். இழப்பு பெயரோடு நிற்பதன்று.

எனவே நாம் வேண்டுவது இது: பெயரைத் தனியொருவர் பேரிலன்றிச் சபையின் பேரில் பதிக. அறிவித்தல் இருவருக்கேனும் சேருமாறு செய்க. தவணையை நீளமாகப் பெறுக. டொட் எல்கே, டொட் இலங்கை பெயர்களின் விதிகளை வேறாகக் கேட்டறிக. பிறர் பெயருக்குக் காத்திருக்கும் அதே இயந்திரக் காவலை நம் பெயருக்கும் நாமே வைப்போம். ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கணக்கறிக்கையோடு பெயரின் முடிவுத் திகதியும் வாசிக்கப்படட்டும்.